எந்தப் பைத்தானில் ஓட வேண்டும் என்பதை ஸ்கிரிப்டே சொல்லட்டும்: யூவி கருவி பற்றிய மதிப்புரை

2024 டிசம்பரில், சென்னைப் புத்தகக் காட்சிக்கான விலைப்பட்டியலை அச்சுக்கு அனுப்ப வேண்டிய நாளில், இரண்டு ஆண்டுகளாக எந்தத் தொந்தரவும் தராமல் ஓடிக்கொண்டிருந்த பைத்தான் மொழியில் எழுதிய எங்கள் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஒன்று மேக் கணினியில் மட்டும் முதல் சில வரிகளைத் தாண்டவில்லை. நான் பணிபுரிவது ஒரு சிறிய பதிப்பகத்தில். பக்க வடிவமைப்பாளரிடம் மேக், கணக்குப் பிரிவில் விண்டோஸ் 10, இரவுதோறும் இருப்பு விவரத்தை இணையக் கடைக்கு அனுப்பும் வாடகை சர்வரில் உபுண்டு 22.04 என மூன்று இயங்குதளங்கள் எங்களிடம் உண்டு. கணக்குப் பிரிவிலும் சர்வரிலும் அதே ஸ்கிரிப்ட் பிழையின்றி ஓடியது. மேக்கில் மட்டும், அட்டைப்படக் கோப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டறிய நான் பயன்படுத்தியிருந்த 'ஐஎம்ஜிஹெச்டிஆர்' என்ற மாட்யூலை (பைத்தானோடு சேர்ந்து வரும் துணை நிரல்) காணவில்லை என்று பிழைச்செய்தி வந்தது. அந்த மாட்யூல் பைத்தான் 3.13 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது என்பதும், வடிவமைப்பாளர் வேறு எதையோ புதுப்பித்தபோது அவருடைய பைத்தானும் அவர் அறியாமலேயே 3.13 ஆகிவிட்டது என்பதும் தெரியவர ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. ஸ்கிரிப்டிலும் பிழையில்லை, கணினியிலும் பிழையில்லை; தவறான பைத்தானில் அது ஓடியது, அவ்வளவுதான். அதன் பிறகுதான், ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் அதற்குரிய பைத்தானில் ஓட்டும் யூவி என்ற கருவியை இந்த மூன்று கணினிகளிலும் நிறுவினேன். அந்த அனுபவத்தைக் கொண்டே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கருவியைப் பற்றிச் சொல்வதற்கு முன், நோய் எவ்வளவு பழையது என்று சொல்லிவிடுவது நல்லது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒரு ஸ்கிரிப்டின் முதல் வரியில் #! என்ற இரண்டு குறிகளை இட்டு, அதைப் படித்து ஓட்ட வேண்டிய நிரலான இன்டர்பிரட்டர் இருக்கும் இடத்தை எழுதுவது வழக்கம். ஷிபேங் என்று அழைக்கப்படும் இந்த ஏற்பாட்டை 1980ஆம் ஆண்டில் டென்னிஸ் ரிட்சி கொண்டுவந்தார். அந்த வரி இன்டர்பிரட்டரின் பெயரைச் சொல்லுமே தவிர, அந்தப் பெயரில் அங்கே எந்தப் பதிப்பு குடியிருக்கிறது என்பதற்கு அது பொறுப்பேற்காது. 'பைத்தான்' என்ற பெயரே இதற்குச் சாட்சி. 2010 அக்டோபரில் ஆர்ச் லினக்ஸ் அந்தப் பெயரை மூன்றாம் தலைமுறைப் பைத்தானுக்குக் கொடுத்துவிட்டது, லினக்ஸின் வேறு வகைகளான டெபியனும் உபுண்டுவும் நெடுங்காலம் அதை இரண்டாம் தலைமுறைக்கே வைத்திருந்தன, உபுண்டு 20.04இல் தனியாக ஒரு தொகுப்பை நிறுவினாலன்றி அந்தப் பெயரில் எதுவுமே இல்லாமல் போனது, மேக்கில் 12.3 பதிப்புடன் பழைய பைத்தான் 2.7 அகற்றப்பட்டது. ஒரே வார்த்தையைத் தட்டச்சிட்டால் ஓரிடத்தில் பழையது, ஓரிடத்தில் புதியது, ஓரிடத்தில் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்ற பதில். விண்டோஸிலோ, பைத்தான் நிறுவப்படாத கணினியில் அந்த வார்த்தையைத் தட்டச்சிட்டால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்கிறது.

விண்டோஸ் இந்த விஷயத்தில் பின்தங்கியது என்று லினக்ஸ் அன்பர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. விண்டோஸ் ஷிபேங் வரியைப் பார்ப்பதில்லை, கோப்பின் பெயர்நீட்டிப்பை வைத்தே எந்தச் செயலியிடம் ஒப்படைப்பது என்று முடிவுசெய்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறையை ஈடுசெய்ய மார்க் ஹாமண்டும் மார்ட்டின் வான் லூவிஸும் முன்மொழிந்த 'பை' என்ற துவக்கி, 2012இல் வெளிவந்த பைத்தான் 3.3 முதல் விண்டோஸ் பதிப்புடனேயே சேர்ந்து வந்தது. 'பை' என்று எழுதி, ஒரு சிறு கோடிட்டு 3.8 என்று சேர்த்தால் 3.8 ஓடும், எண் எதுவும் கொடுக்காவிட்டால், நிறுவப்பட்டவற்றுள் புதியது ஓடும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் லினக்ஸ் பாணியில் ஷிபேங் எழுதியிருந்தாலும் அதைத் தானே படித்து, பொருத்தமான பைத்தானைத் தேடிக்கொள்ளும். பல ஆண்டுகள் எங்கள் கணக்குப் பிரிவை இந்தச் சிறு கருவிதான் காப்பாற்றியது. அது விண்டோஸை விட்டு வெளியே வரவில்லை என்பது ஒரு குறை. கேட்ட பதிப்பு கணினியில் இல்லையென்றால் 'இல்லை' என்று மட்டும் சொல்லி நின்றுவிடும் என்பது இன்னொரு குறை. 2025இல் வந்த பைத்தான் இன்ஸ்டால் மேனேஜர் இரண்டாவது குறையைத் தீர்த்திருக்கிறது. முதலாவது அப்படியே இருக்கிறது.

யூவிக்கு வருவதற்கு முன் நான் மற்ற வழிகளையும் முயன்றேன். பல பைத்தான் பதிப்புகளை நிறுவி மாற்றித் தரும் பையென்வி என்ற கருவி லினக்ஸிலும் மேக்கிலும் நன்றாக வேலை செய்தது. ஆனால் அது வழக்கமாகப் பைத்தானை மூலநிரலிலிருந்து தொகுத்து உருவாக்குவதால், தேவையான துணைத் தொகுப்புகளில் ஒன்று விடுபட்டாலும், பார்ப்பதற்கு முழுமையாகத் தோன்றி உள்ளே ஏதோ ஒரு மாட்யூல் இல்லாத பைத்தான் வந்து சேரும். மேலும் அது, லினக்ஸிலும் மேக்கிலும் கட்டளைகளை ஏற்கும் ஷெல்லை நம்பிக் கட்டப்பட்டது. விண்டோஸுக்கு வேறொருவர் பராமரிக்கும் தனிக் கருவியைத்தான் நாட வேண்டும். நிரலை அதன் சூழலோடு ஒரு பெட்டியாகக் கட்டித் தரும் டாக்கரைப் பற்றி நண்பர்கள் பலமுறை சொன்னார்கள். விலைப்பட்டியல் தயாரிக்கும் நூற்றைம்பது வரி ஸ்கிரிப்டுக்காகக் கணக்குப் பிரிவின் கணினியில் டாக்கரை நிறுவுவது, ஒரு குடம் தண்ணீருக்காக ஆழ்துளைக் கிணறு தோண்டுவது போன்றது.

யூவி, சார்லி மார்ஷ் தொடங்கிய ஆஸ்ட்ரல் நிறுவனம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட கருவி. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது, எம்ஐடி, அப்பாச்சி ஆகிய இரண்டு கட்டற்ற உரிமங்களில் எது வேண்டுமானாலும் நாம் தேர்ந்துகொள்ளலாம், விலை இல்லை. தொடக்கத்தில் லைப்ரரிகளை (பிறர் எழுதிய துணை நிரல் தொகுப்புகளை) வேகமாக நிறுவும் கருவி என்றுதான் அறியப்பட்டது. பைத்தானையே நிறுவும் வசதியும் தனி ஸ்கிரிப்டுகளை ஓட்டும் வசதியும் அதே ஆண்டு ஆகஸ்டில் சேர்ந்தன. எனக்கு அது கவனத்துக்குரியதானது அப்போதுதான். அதை நிறுவுவதற்குக் கணினியில் ஏற்கெனவே பைத்தான் இருக்க வேண்டியதில்லை, நிர்வாகி அனுமதியும் வேண்டியதில்லை. விண்டோஸில் வின்கெட், மேக்கில் ஹோம்ப்ரூ என்ற நிறுவல் கருவிகள், உபுண்டுவில் அவர்களே தரும் நிறுவல் ஸ்கிரிப்ட் என்று மூன்று வழிகளில் நிறுவினேன். ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடங்களில் முடிந்தது. இணையத்திலிருந்து வரும் ஸ்கிரிப்டை நேரடியாக ஷெல்லுக்குள் ஊற்றுவது எனக்குப் பிடிக்காத பழக்கம் என்பதால், உபுண்டுவில் அதை முதலில் ஒரு கோப்பாகச் சேமித்துப் படித்துப் பார்த்துவிட்டே ஓட்டினேன். இப்படித் தயங்குபவர்கள், ஒரே கோப்பாக வரும் கருவியைக் கிட்ஹப்பிலிருந்து இறக்கியும் வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கருவியை நான் பாராட்டுவதற்கு அதன் வேகம் முதற்காரணம் அல்ல. 2024 ஜனவரியில் ஏற்கப்பட்ட பெப் 723 என்ற பைத்தான் முன்மொழிவு, ஒரு ஸ்கிரிப்டின் தலைப்பகுதியில் குறிப்புரைகளாகவே சில வரிகளை எழுதி, எந்தப் பதிப்புப் பைத்தான் வேண்டும், எந்தெந்த லைப்ரரிகள் வேண்டும் என்பதை அறிவிக்க வழிசெய்தது. அவை குறிப்புரைகள் என்பதால் பைத்தான் அவற்றைக் கண்டுகொள்ளாது. யூவி அவற்றைப் படிக்கும். 'யூவி ரன்' என்று எழுதிக் கோப்பின் பெயரைத் தந்தால், தலைப்பகுதியில் கேட்கப்பட்ட பதிப்பு கணினியில் இருக்கிறதா என்று தேடும், இல்லையென்றால் இறக்கிக்கொள்ளும், லைப்ரரிகளைத் தனி அறையில் வைத்து, அந்த ஸ்கிரிப்டுக்கு மட்டும் காட்டி ஓட்டும். கணினியின் சொந்தப் பைத்தானைத் தொடுவதில்லை. இதுவரை எங்களிடம் எந்த ஸ்கிரிப்ட் எந்தப் பைத்தானில் ஓடும் என்ற தகவல் என் நினைவிலும், கணக்குப் பிரிவில் திரையோரம் ஒட்டியிருந்த ஒரு மஞ்சள் தாளிலும்தான் இருந்தது. அது இப்போது ஸ்கிரிப்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மின்னஞ்சலில் அனுப்பினாலும், பென்டிரைவில் கொடுத்தாலும், கோப்போடு சேர்ந்தே அது பயணிக்கிறது. பை துவக்கி ஷிபேங் வரியில் தொடங்கி வைத்த எண்ணம்தான் இது. மூன்று இயங்குதளங்களுக்கும் பொதுவாகவும், 'இல்லை' என்று கைவிரிக்காமலும் அதைச் செய்கிறது என்பதே வேறுபாடு.

முதல்முறை ஓட்டும்போது காத்திருக்க வேண்டியிருக்கும். எங்கள் உபுண்டு சர்வரில் இருந்தது இயங்குதளத்துடன் வந்த 3.10, விற்பனைக் கழிவு விகிதங்களை டாம்ல் என்ற வடிவில் உள்ள அமைப்புக் கோப்பிலிருந்து படிக்கும் ஸ்கிரிப்டுக்கோ 3.11 வேண்டும், ஏனெனில் அந்த வசதி பைத்தானுக்குள் சேர்ந்ததே அப்பதிப்பில்தான். முதல் ஓட்டத்தில் யூவி புதிய பைத்தானை இறக்கியது, அடுத்த ஓட்டத்தில் எதுவும் நடந்ததாகவே தெரியாத அளவுக்கு உடனே தொடங்கியது. இப்படி இறக்கப்படும் பைத்தான், கிரெகரி சோர்க் பல ஆண்டுகளாக வளர்த்து, பின்னர் ஆஸ்ட்ரல் பொறுப்பேற்றுக்கொண்ட ஒரு திட்டத்தின் வெளியீடு. எந்தக் கோப்புறையில் வைத்தாலும் இயங்கும்படி முன்கூட்டியே தொகுக்கப்பட்டது. பைத்தான் அமைப்பின் இணையதளத்தில் கிடைக்கும் நிறுவியும் இதுவும் ஒன்றல்ல என்பதை அறிந்தே பயன்படுத்த வேண்டும். வெளியிலிருந்து எதையும் இறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உள்ள அலுவலகங்களில், தானாக இறக்கும் பழக்கத்தை நிறுத்தி, கணினியில் உள்ள பைத்தான்களை மட்டும் பயன்படுத்தும்படியும் அமைக்கலாம்.

இனி, நானே காலை வைத்து விழுந்த ஒரு பள்ளத்தைச் சொல்ல வேண்டும். பயிற்சிப் பக்கங்களில் காணப்படும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் '3.11 அல்லது அதற்கு மேல்' என்ற வகையிலேயே பதிப்பைக் குறிப்பிடுகின்றன. நானும் அப்படியே எழுதினேன். அந்த அறிவிப்பை நிறைவுசெய்யும் பைத்தான் ஏற்கெனவே கணினியில் இருந்தால் யூவி அதை எடுத்துக்கொள்ளும், புதிதாக இறக்காது. ஆகவே ஒரே ஸ்கிரிப்ட் விண்டோஸில் 3.11இலும், சர்வரில் 3.12இலும், மேக்கில் 3.13இலும் ஓட முழு வாய்ப்பு உண்டு; மூன்றுமே அறிவிப்புக்கு உட்பட்டவைதான். என் விலைப்பட்டியல் ஸ்கிரிப்டின் தலைப்பகுதியில் இப்படி எழுதிவிட்டு, டிசம்பரில் கண்ட அதே பிழைச்செய்தியை மேக்கில் மறுபடியும் கண்டபோது, கருவியின் மீது கோபம் வந்தது. பிறகு யோசித்தால், நான் கேட்டதை அது சரியாகத்தான் கொடுத்திருந்தது. குறைந்தபட்சத்தைச் சொல்லிவிட்டு உச்சவரம்பைச் சொல்லாமல் விட்டது என் பிழை. இப்போது '3.12 வரிசையில் ஏதேனும் ஒன்று' என்று வரையறுத்து எழுதுகிறேன். பைத்தானில் ஆண்டுக்கொரு பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றும் ஐந்தாண்டுகள் பராமரிக்கப்படுகிறது. ஆகையால் அலுவலக ஸ்கிரிப்டுகளை ஒரு வரிசையில் கட்டிப்போட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நாமே முடிவெடுத்து மாற்றுவது போதுமானது. யூவியின் ஆவணங்கள் இந்த வேறுபாட்டை இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம் என்பது என் மனக்குறை.

லைப்ரரிகளுக்கும் இதே நியாயம்தான். பெயரை மட்டும் எழுதினால் அன்றைக்குப் புதியது எதுவோ அது வரும். ஸ்கிரிப்டுக்கென்று, லைப்ரரிகளின் பதிப்புகளைக் குறித்து வைக்கும் ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்கும் கட்டளை உண்டு. அதை ஓட்டி, கிடைக்கும் கோப்பை ஸ்கிரிப்டின் அருகிலேயே வைத்துவிட்டால் மூன்று கணினிகளிலும் ஒரே பதிப்புகள் வந்து சேரும்.

இயங்குதளங்களுக்கு இடையே உள்ள வேலிகளை யூவி முழுவதும் அகற்றிவிடவில்லை. லினக்ஸிலும் மேக்கிலும் ஸ்கிரிப்டைப் பெயர் சொல்லி அழைத்தாலே ஓட வேண்டுமென்றால், ஷிபேங் வரியில் யூவியை எழுத வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், இன்டர்பிரட்டரின் பெயருக்குப் பின்வரும் எல்லாவற்றையும் ஒரே துண்டாகவே அனுப்பும் என்பதால், 'என்வி' கட்டளையின் பெரிய 'எஸ்' விருப்பத்தைச் சேர்த்து அதைப் பிரிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த விருப்பம் குனு தொகுப்பில் 2018இல் வந்த 8.30 பதிப்பில்தான் சேர்ந்தது, உபுண்டு 20.04இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் கிடைக்கும், 18.04இல் கிடைக்காது. விண்டோஸில் சேமித்த கோப்பின் வரிமுடிவில் ஒட்டிக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத எழுத்து, லினக்ஸில் ஷிபேங் வரியைக் கெடுக்கும் பழைய வம்பும் அப்படியே இருக்கிறது. இரவு வேலைக்கு, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் பயன்படுத்துபவர்கள் யூவியின் முழுப் பாதையையும் எழுத வேண்டும். அது வீட்டுக் கோப்புறைக்குள் நிறுவப்படுவதால் கிரானின் குறுகிய தேடலில் அகப்படாது. இதை அறியாமல் இரண்டு இரவுகள் எங்கள் இணையக் கடை பழைய இருப்பையே காட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸில் கோப்பை இரட்டைச் சொடுக்கினால் அது யூவியிடம் போகாமல் பை துவக்கியிடம் போகிறது. துவக்கிக்கு அந்தத் தலைப்பகுதி அறிவிப்பு புரியாது. "தம்பி, நேத்து வரைக்கும் சொடுக்கினா ஓடுச்சு, இப்போ கறுப்புத் திரை வந்து மறைஞ்சுடுது" என்று கணக்குப் பிரிவு அம்மா அழைத்துச் சொன்ன பிறகு, யூவியைக் கூப்பிடும் ஒரு சிறு பேட்ச் கோப்பை எழுதி அவருடைய முகப்புத் திரையில் வைத்தேன். ஒரு நிமிட வேலைதான்; எனினும் கட்டளை வரி அறியாத ஒருவருக்கு இதை யாரேனும் செய்து கொடுத்தாக வேண்டும்.

தமிழில் தரவுகளைக் கையாள்பவர்கள் தனியே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மூன்று கணினிகளிலும் ஒரே 3.12 ஓடினாலும், ஒரே விளைவு வந்துவிடாது. ஒரு கோப்பைத் திறக்கும்போது எழுத்துக் குறியாக்கத்தை (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையை) சொல்லாமல் விட்டால், லினக்ஸிலும் மேக்கிலும் பைத்தான் யூடிஎஃப்-8 என்று கொள்ளும். இந்திய ஆங்கில அமைப்பில் உள்ள விண்டோஸ் கணினியில் 1252 என்ற பழைய மேற்கத்தியக் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் புள்ளி யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அவற்றுள் கடைசி பைட்டின் மதிப்பு 141. அந்த எண்ணுக்கு 1252இல் எழுத்தே இல்லை. எனவே புத்தகப் பட்டியலில் முதல் மெய்யெழுத்து வந்த இடத்திலேயே ஸ்கிரிப்ட் பிழைகாட்டி நிற்கும். 'கதை' என்ற தலைப்பு தாறுமாறான குறிகளாகவேனும் உள்ளே வந்துவிடும், 'கவிதைகள்' வராது. யூவி இதைத் தீர்ப்பதில்லை, தீர்ப்பதாக அது சொல்லவும் இல்லை. கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் குறியாக்கத்தை வெளிப்படையாக எழுதுவதே முறை. பழைய ஸ்கிரிப்டுகளில் அதைச் செய்ய நேரமில்லாதவர்கள், பைத்தானின் யூடிஎஃப்-8 முறையை இயக்கும் சூழல் மாறியை (இயங்குதளம் நிரல்களுக்குத் தரும் அமைப்பு மதிப்பை) 1 என்று அமைத்துக்கொள்ளலாம். நான் அதை மேற்சொன்ன பேட்ச் கோப்பிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிட்டேன். பைத்தான் 3.15 முதல் எல்லா இயங்குதளங்களிலும் யூடிஎஃப்-8 தானாகவே அமையும்படி முடிவெடுக்கப்பட்டிருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பதிப்புதான் உண்மையான புத்தாண்டு.

ஒரு நிறுவனத்தின் முதலீட்டை நம்பி வளரும் கருவியைப் பைத்தான் உலகம் இவ்வளவு விரைவாகத் தழுவிக்கொள்வது சரியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் ஒதுக்கிவிட மாட்டேன். என்னைச் சமாதானப்படுத்துவது, தலைப்பகுதி அறிவிப்பு யூவியின் சொந்தச் சரக்கு அல்ல, பைத்தானின் பொதுத் தரம் என்பதுதான். பிப்எக்ஸ், ஹாட்ச் ஆகிய கருவிகளும் அதைப் படிக்கின்றன. நாளை யூவியைக் கைவிட நேர்ந்தாலும் எங்கள் ஸ்கிரிப்டுகளில் ஒரு வரியும் மாற வேண்டியதில்லை. பேட்ச் கோப்பும் கிரான் வரியும் மட்டும் மாறும். விண்டோஸ் கணினிகள் மட்டுமே உள்ள, கூடுதல் லைப்ரரிகள் தேவைப்படாத அலுவலகமாக இருந்தால், பைத்தான் அமைப்பே தரும் இன்ஸ்டால் மேனேஜர் போதும் என்பேன். இரண்டு இயங்குதளங்களாவது இருக்கும் இடத்தில் யூவியை நிறுவ நான் தயங்க மாட்டேன்.

எங்கள் கிடங்கில் இருக்கும் ஒரு கணினி மட்டும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறது. பட்டைக்குறியீட்டு ஒட்டுகளை அச்சிடும் பழைய இயந்திரத்தின் மென்பொருள் விண்டோஸ் 7ஐத் தவிர வேறெதிலும் வேலை செய்யாததால், அந்தக் கணினியை மாற்ற முடியவில்லை. யூவிக்கு விண்டோஸ் 10ஆவது வேண்டும். விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிப் பைத்தானோ 3.8, அதற்கான பராமரிப்பும் 2024 அக்டோபரில் முடிந்துவிட்டது. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, பை துவக்கியில் 3.8 என்ற எண்ணைக் குறிப்பிட்டு அந்த ஒட்டு ஸ்கிரிப்டை இன்னும் ஓட்டுகிறோம். திரையோரத்து மஞ்சள் தாளை இப்போது அந்தக் கணினியில்தான் ஒட்டி வைத்திருக்கிறேன்.